அடங்கலில் ஏறாத வெள்ளாமை

அடங்கல்னு ஒரு கணக்குப் புத்தகம் இருக்குதுங்க. கிராம நிர்வாக அலுவலர் கையில இருக்கும். எந்த சர்வே நம்பர்ல யாரு என்ன பயிர் வெச்சிருக்காங்க, எத்தனை ஏக்கர், கிணத்துப் பாசனமா வாய்க்கால் பாசனமான்னு வருஷா வருஷம் அதுல எழுதுவாங்க. மஞ்சள் ஏறும், சோளம் ஏறும், கடலை ஏறும். வீட்டுக்குப் பின்னாடி நிக்கிற ரெண்டு முருங்கையும், சலதாரைத் தண்ணியில வளர்ற வாழையும், பந்தல்ல தொங்குற அவரையும் அதுல ஒரு நாளும் ஏறினது இல்லை. ஆனா வீட்டுல கொழம்பு கொதிச்சது பெரும்பாலும் அந்தப் பின்பக்கத்தை நம்பித்தான்.

எங்க கொங்கு நாட்டுல அந்த இடத்துக்குப் பேரு பொடக்காலி. பொடக்காணின்னும் சொல்லுவாங்க. தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லைம்பாங்க. தெக்கே போனா புழக்கடை. புழக்கடைங்கிறது புழைக்கடைங்கிற பழைய சொல்லுல இருந்து தேஞ்சு வந்ததுதான். புழைன்னா சின்ன வாசல். பின்வாசலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இடம்னு அர்த்தம். மெட்ராஸ்ல அடுக்குமாடியில இருக்கிறவங்களுக்கு இப்போ வீட்டுத் தோட்டம்னா மாடியில வரிசையா பை வெக்கிறது. அதுக்கு முந்தின கதை ஒண்ணு இருக்கு. அதைத்தான் எனக்குத் தெரிஞ்ச மட்டும் எழுதறேன்.

ஏன் கணக்குல ஏறலைன்னா, அதுக்கு வரி இல்லை, அவ்வளவுதான். 1792-ல திப்புகிட்ட இருந்து சேலம் பக்கத்துப் பாரமகாலை வெள்ளைக்காரன் வாங்கினப்போ, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை போட ஆரம்பிச்சாங்க. 1799-ல திப்பு செத்த பிறகு கோயமுத்தூர்ப் பக்கமும் அவங்க கைக்குப் போச்சு. அங்கிருந்து வளர்ந்ததுதான் ரயத்துவாரி முறை. வயக்காடு, தோட்டம், புஞ்சைன்னு பிரிச்சு மண்ணு தரம் பார்த்து தீர்வை போட்டவங்க, சனங்க குடியிருக்கிற நத்தத்தை விட்டுட்டாங்க. அது அவங்க புதுசாக் கண்டுபிடிச்ச தாராளமும் இல்லை. ராஜராஜ சோழன் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு விட்ட ஊர்களோட கணக்கைக் கல்லுல வெட்டி வெச்சிருக்கான். அதுலயும் வரியில இருந்து கழிக்கிற இடங்கள்ல ஊர் நத்தம் வருது. குளம், வாய்க்கால், சுடுகாடு கூடச் சேர்த்துக் கழிச்சிருக்காங்க. ஆயிரம் வருஷமா ராஜாவும் கலெக்டரும் வீட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்க்கலை. நத்தத்துக்குன்னு தனியா நிலவரித் திட்டம் வந்து, வீட்டு மனைக்கெல்லாம் அளந்து பட்டா கொடுத்தது நாங்க வளர்ந்து ஆளான காலத்துலதான்.

வரி இல்லைங்கிறது நல்லதுதான். ஆனா வரி இல்லாததுக்கு எழுத்தும் இல்லாமப் போச்சு. நெல்லுக்கும் பருத்திக்கும் நூறு வருஷக் கணக்கை எடுத்துப் பார்க்கலாம். நூறு வருஷத்துக்கு முந்தி எங்க ஊர்ப் பொடக்காலியில எத்தனை காய் காச்சுதுன்னு எந்த ஆபீஸ்லயும் கேக்க முடியாது. அதைப் பார்த்துக்கிட்டது பொம்பளைங்க. அவங்க எழுதி வெக்கலை. அதனால செடியோட பேரு, சடங்குச் சமையல், பழைய பாட்டு, பஞ்சத்துக் கடுதாசிங்க, இப்படி அங்கங்கே சிதறிக் கிடக்கிறதைப் பொறுக்கித்தான் இந்தச் சரித்திரத்தைச் சேர்க்கணும்.

பாட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். பத்துப்பாட்டுல சிறுபாணாற்றுப்படைன்னு ஒண்ணு, நத்தத்தனார் பாடினது. அதுல ஒரு பாணன் தன்னோட பழைய வறுமையைச் சொல்றான். அடுப்படியில குட்டி போட்ட நாய், குட்டிக்குப் பாலில்லாமக் குலைக்குது. வீட்டுக்காரி குப்பையில மொளைச்ச வேளைக்கீரையை நகத்தால கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாம வேக வெச்சு, மத்தவங்க பார்த்துடுவாங்களோன்னு கதவைச் சாத்திக்கிட்டு, தன் சனத்தோட உக்காந்து தின்னாளாம். படிச்ச பெரியவங்க இதை வறுமையைச் சொல்ற பாட்டுன்னு சொல்லுவாங்க. விவசாயிக்கு வேற ஒண்ணும் கண்ணுல படும். கீரை மொளைச்ச இடம் குப்பை. சாம்பலும் சாணியும் கூட்டின மண்ணும் கொட்டுற இடத்துல யாரும் விதைக்காம கீரை வரும். குப்பைமேனி, குப்பைக்கீரைன்னு நம்ம செடிங்களுக்கே அந்த இடத்தோட பேரு இருக்கு. வீட்டுத் தோட்டம்னு யாரும் திட்டம் போட்டு ஆரம்பிச்சிருக்க மாட்டாங்கன்னு நான் நெனைக்கிறேன். குப்பை கொட்டின பக்கம் தானா வந்ததை மொதல்ல கிள்ளித் தின்னு, அப்புறம் நல்லதா இருந்ததை விதை எடுத்து அதே இடத்துல திரும்பப் போட்டிருப்பாங்க. இன்னொண்ணையும் அந்தப் பாட்டு சொல்லுது. கீரை கிள்ளித் தின்னது அன்னைக்கு வெளியே சொல்லக் கூச்சப்படுற காரியம். இப்போ கடையில ஆர்கானிக் கீரைன்னு கட்டு முப்பது ரூபாய்க்கு வாங்குறவங்க இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கலாம்.

அடுத்தது பேரு. மிளகாய்ங்கிற சொல்லைப் பிரிச்சுப் பாருங்க, மிளகு, காய். மிளகு மாதிரி உறைக்கிற காய்னு அர்த்தம். நமக்கு உறைப்புன்னா மிளகுதான் தெரிஞ்சிருந்துச்சு. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுல எறங்கினது 1498. அதுக்கப்புறம் போர்த்துக்கீசியக் கப்பல்லதான் அமெரிக்காச் சீமையோட மிளகாய் இந்தப் பக்கம் வந்துச்சு. வந்த செடி தொட்டிப் பக்கம் ஒரு மூலை கெடைச்சாப் போதும்னு வளரும். மிளகு அப்படி இல்லை. அது மலையில கொடியாப் படர்ற சாமான், வெலை கொடுத்து வாங்கணும். ஏழை வீட்டுக் கொழம்புக்கு உறைப்பு பொடக்காலியில இருந்தே கெடைச்சது மிளகாய் வந்த பிறகுதான். ராஜா மாறினதைவிட எங்க சமையல்ல பெரிய மாற்றம் இது.

மிளகாய் மட்டும் இல்லைங்க. கொய்யா, பப்பாளி, சீத்தாப்பழம், சர்க்கரைவள்ளி, குச்சிக்கிழங்கு, உருளை, பீன்ஸ், எல்லாம் அதே அமெரிக்காச் சீமைக்காரங்கதான். சீதைக்கும் சீத்தாப்பழத்துக்கும் சம்பந்தம் சொல்லிக் கதை கட்டிட்டாங்க, ஆனா மரம் வந்தது கப்பல்ல. பரங்கிக்காய்ங்கிற பேர்லயே பரங்கிக்காரன் நிக்கிறான். எங்க பக்கம் அதையே அரசாணிக்காய்னு சொல்லி ஊர்க்காரியாவே ஆக்கிட்டோம். தைப்பொங்கலுக்குப் படையல் வெக்கிறப்போ அரசாணியும் சர்க்கரைவள்ளியும் இல்லாம எங்க ஊர்ல யாரும் பொங்கல் வெக்க மாட்டாங்க. சுத்த நாட்டுக்காய்னு நம்பித்தான் வெக்கிறோம். தக்காளி கதை இன்னும் வேடிக்கை. தக்காளிங்கிற பேரு நம்மளோடது. மணத்தக்காளி மாதிரி சின்னப் பழம் விடுற செடிங்களுக்கு இருந்த பேரு. சீமையில இருந்து வந்த பெருசு, பேரைப் பிடுங்கிக்கிட்டு, பழையவளை மணத்தக்காளின்னு அடைமொழி போட வெச்சிடுச்சு. எங்க ஆத்தா காலத்துல கொழம்புக்குப் புளிப்புன்னா புளிதான். அந்தப் புளியமரமும் ஆப்பிரிக்காவுல பொறந்ததுதான். ஆனா வந்து எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆகிப்போச்சு, இனிமே அதை விருந்தாளின்னு சொல்ல முடியாது. சுரையும் அவரையும்கூட ஆப்பிரிக்க வம்சம், அதே மாதிரி ரொம்ப முந்தி வந்ததுங்க. கத்திரி, முருங்கை, பீர்க்கு, கறிவேப்பிலை இதெல்லாம் இந்த நாட்டுலயே பொறந்ததுங்க.

எது எப்போ வந்துச்சுன்னு கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, தெவசச் சமையலைப் பார்த்தாப் போதும். ஆச்சாரமா தெவசம் கொடுக்கிற வீடுகள்ல அன்னைக்கு மிளகாய் கிடையாது, மிளகுதான். தக்காளி கிடையாது, உருளை கிடையாது, கோஸ் கேரட் கிடையாது. வாழைக்காய், பாகல், புடலை, அவரை, சேனை, சேம்பு, இஞ்சி, கறிவேப்பிலை. முன்னோருக்குப் போடற சோத்துல முன்னோருக்குத் தெரிஞ்ச காய்தான் இருக்கணும்னு யாரோ வெச்ச கட்டு அது. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின கொல்லையில என்ன இருந்துச்சுங்கிறதுக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிஞ்சு இல்லை. கல்வெட்டு மாதிரி அது இலையில இருக்கு.

பொடக்காலி எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இப்போ பார்க்கக் கெடைக்காது. எல்லாம் தண்ணியை வெச்சுத்தான். எங்க பக்கம் மழை கம்மி, கிணறு ஆழம். தலையில சுமந்து வந்த தண்ணியை யாரும் செடிக்குன்னு ஊத்த மாட்டாங்க. மொதல்ல மனுசன் குளிக்கணும், பாத்திரம் கழுவணும், அரிசி கழையணும். அரிசி கழைஞ்சதும் கழுநீரும் மாட்டுத் தொட்டிக்கு. குளிச்சதும் பாத்திரம் கழுவினதும் சலதாரை வழியா வெளியே போகும். சலதாரை வாய்லயே வாழை. அதுக்கு அடுத்து சேம்பு. அதுங்க ரெண்டும் அழுக்குத் தண்ணி, ஈரக் காலுக்கு அசராதுங்க. தண்ணி வத்தி வர்ற எடத்துல கத்திரி, மிளகாய். அதுக்கும் அப்பால தண்ணியே எட்டாத வேலியோரம் முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை. பாத்திரத்துக்கு அப்போ சாம்பலும் தேங்காய் நாரும், தலைக்குச் சீயக்காய்ங்கிறதால தண்ணியில காரம் இல்லை. இதை யாரும் வரைபடம் போட்டுச் செய்யலை. தண்ணி போற வழியில தாகத்துக்குத் தகுந்த மாதிரி செடிங்களே வரிசை பிடிச்சு நின்னுச்சுங்க.

விதை வீட்டுக்குள்ளேயே இருந்துச்சு. மொதல்ல காய்ச்ச நல்ல சுரையை, பீர்க்கை, பறிக்காம விட்டு முத்த வெச்சு, அடுப்புக்கு மேல புகை படுற எடத்துல கட்டித் தொங்க விட்டுருவாங்க. புகைக்கு வண்டு வராது. கத்திரி, மிளகாய் விதையைச் சாம்பல்ல பொரட்டி, சாணி உருண்டையில பதிச்சுச் செவுத்துல அப்பி வெப்பாங்க. ஆடி பொறந்து ரெண்டு மழை விழுந்ததும் எடுத்து ஊனுவாங்க. அவரைக்கு ஆடிதான் சரி. சித்திரையில ஊனினா கொடி பந்தலை மூடும், எலை எலையாத் தழைக்கும், பூ வராது. ராத்திரி நீண்டு பனி எறங்கணும், அப்பத்தான் பழைய கொடியவரை பூக்கும். கார்த்திகையில பூத்து மார்கழி தையில பறிச்சு மாளாது. மாடியில அவரை காய்க்கலைன்னு மருந்து தேடுறவங்க மொதல்ல விதைச்ச மாசத்தைப் பார்த்துக்கோங்க.

கல்யாணமாகி வர்ற பொண்ணு தாய்வீட்டு விதையை முந்தானையில முடிஞ்சு கொண்டாந்த காலம் அது. எங்க ஆத்தா வீட்டு அவரை செவப்பு ஓரம் போட்டது, அமுச்சி ஊர் அவரை பட்டையா வெள்ளையா இருக்கும். ஒரு ஊருக்குப் பொண்ணு எந்தெந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு பந்தலைப் பார்த்தே சொல்லிரலாம். நிலம், பட்டா, பணம் எல்லாம் ஆம்பளை பேர்ல இருந்த ஊர்ல, விதை மட்டும் பொம்பளை வழியாப் போச்சு. மிஞ்சின காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, அதுக்கும் மிஞ்சினதைச் சந்தைக்கு அனுப்பின காசு அவங்க முந்தானையிலதான் இருந்துச்சு. ஆம்பளைங்க அதைக் கேக்க மாட்டாங்க.

இதையெல்லாம் படிச்சுட்டு அந்தக் காலம் சொர்க்கம்னு நெனைச்சுராதீங்க. தாது வருஷப் பஞ்சம்னு எங்க பக்கம் இன்னும் பெரியவங்க வாயில ஒரு சொல் இருக்கு. 1876-ல தொடங்கி 1878 வரைக்கும். மழை பொய்ச்சா பொடக்காலியும் பொய்க்கும். குளிக்கவே தண்ணி இல்லாத வீட்டுல சலதாரை எங்கே ஓடும்? சேலம் ஜில்லாவுல 1871-ல எண்ணின சனத்தொகையைவிட 1881-ல எண்ணினது கொறைச்சல். பத்து வருஷத்துல ஒரு ஜில்லா சுருங்கிப் போச்சு. அப்போ ரிச்சர்டு டெம்பிள்னு ஒரு அதிகாரியைக் கவர்னர் ஜெனரல் அனுப்பி வெச்சாரு. நிவாரண வேலை செய்யற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் அதோட ஒரு அணாவும் போதும்னு அவரு கணக்குப் போட்டாரு. பவுண்டுன்னா அரைக் கிலோவுக்கும் கொறைவு. மெட்ராஸ்ல சுகாதாரக் கமிஷனரா இருந்த கார்னிஷ்ங்கிற டாக்டர் அதை எதிர்த்து எழுதினாரு. கல்லு உடைக்கிறவனுக்கு இது பத்தாது, தானியத்தையும் கூட்டணும், அதோட காய்கறியும் பருப்பும் வேணும்னாரு. மனுசனுக்குக் காய் கீரையும் சோறுதான்னு ஒரு அதிகாரி வாதாட வேண்டியிருந்துச்சு பாருங்க. வரி போடறப்போ கண்ணுல படாத பொடக்காலி, அது காஞ்ச பிறகுதான் கணக்குல வந்துச்சு.

அதுக்கப்புறம் அறுபது வருஷம் கழிச்சு, குன்னூர்ல. எங்க பக்கத்து மலை, ஆனா எங்க ஊர்ல பாதிப்பேருக்கு இந்தக் கதை தெரியாது. பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு டாக்டர் 1918-ல குன்னூர்ல ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கினாரு. அது வளர்ந்து உணவுச் சத்து ஆராய்ச்சி நிலையம் ஆச்சு. 1935-ல வாலஸ் ஐக்ராய்டுங்கிறவர் அதுக்குத் தலைவரா வந்தாரு. நம்ம நாட்டுத் தானியம், காய், கீரை, பழம் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்து அலசி, எதுல என்ன சத்து எவ்வளவுன்னு 1937-ல ஒரு சின்னப் புத்தகமா வெளியிட்டாங்க. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, முளைக்கீரைன்னு குப்பைமேட்டுக் கீரைங்களுக்கு மொத மொதலா எண்ணு போட்டு மரியாதை வந்தது அப்போதான். பாலீஷ் போட்ட அரிசியை மட்டும் தின்னுட்டு வளர்ற கொழந்தைங்களுக்கு மாலைக்கண் வருது, கண்ணே போகுது, அதுக்குத் தேவைப்படற உயிர்ச்சத்து ஏ பச்சைக் கீரையில இருக்குங்கிறது வெறும் பாட்டி வைத்தியமா இல்லாம எழுத்துல ஏறுச்சு. அந்த நிலையம் 1958-ல ஹைதராபாத்துக்குப் போயிருச்சு. இன்னைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு சொல்றது அதைத்தான். மாலைக்கண்ணுக்கு மருந்து வேலியோரம் நிக்கிறப்போ கொழந்தை கண்ணு போனது அந்தக் காலத்துக் கொடுமை. முருங்கைக்கீரை ஏழைப்பட்டவன் திங்கிறதுன்னு காயை மட்டும் பறிச்சுட்டு எலையை ஆட்டுக்கு ஒடிச்சுப் போட்ட வீடுகளும் இருந்துச்சு.

அரசாங்கத்துக்கு வீட்டுத் தோட்டம் ஞாபகம் வர்றது எப்பவும் நெருக்கடியிலதான். 1942-ல பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய் ரங்கூன் அரிசி நின்னுது. உடனே அதிக உணவு விளைவிப்போம்னு இயக்கம் கெளம்புச்சு, ரேஷன் வந்துச்சு. 1965-ல சண்டையும் வறட்சியும் சேர்ந்து வந்தப்போ லால் பகதூர் சாஸ்திரி வாரத்துல ஒரு வேளை சோத்தை விடச் சொன்னாரு, தன்னோட டெல்லி வீட்டுப் புல்வெளியையே உழுது பயிர் வெச்சாரு. அதே 60-கள்ல யூனிசெப் உதவியோட ஊட்டச்சத்துத் திட்டம்னு பள்ளிக்கூடத்துத் தோட்டம், கோழி வளர்ப்பெல்லாம் கிராமத்துக்கு வந்துச்சு. நெருக்கடி முடிஞ்சதும் பேச்சும் முடிஞ்சிரும். கோவிட் சமயத்துல நகரத்துல எல்லாரும் விதை தேடினாங்களே, அதுவும் அந்த ரகம்தான்னு எனக்குத் தோணுது. தப்புன்னு சொல்லலை. பயத்துல நட்டாலும் வெண்டை காய்க்கத்தான் செய்யும்.

சரி, பொடக்காலி எப்படிப் போச்சு? யாரோ ஒருத்தர் வந்து அழிச்சுட்டதா எழுதினா சுலபம். அப்படி நடக்கலை. விறகடுப்பு போய் கேஸ் வந்துச்சு, ஆத்தாக்களோட கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது பெரிய விடுதலை. ஆனா விதை கட்டித் தொங்கவிடப் புகை இல்லை. வீட்டுக்குள்ள கழிப்பறை வந்துச்சு, ராத்திரியில பொம்பளைங்க காட்டுக்கு நடந்த அவமானம் தீர்ந்துச்சு. ஆனா செப்டிக் டேங்க் குழி தோண்ட வாழை நின்ன இடம்தான் கெடைச்சுது. குழாய்த் தண்ணி வந்துச்சு, கூடவே சோப்பும் ஷாம்பும் சலதாரையில கலந்துச்சு. அந்தத் தண்ணியையும் இப்போ உறிஞ்சு குழி தோண்டி மண்ணுக்குள்ள விட்டுட்டோம், தெருவுல சாக்கடை நிக்காம கொசு கொறைஞ்சுது. மகன் தனியாப் போனா பின்பக்கமே ஒரு வீடு எழும்பும். ஒவ்வொண்ணும் வேணுங்கிற காரியம். எல்லாம் சேர்ந்து வந்தப்போ பொடக்காலிக்கு எடமில்லாமப் போச்சு. பெரியகுளத்துல கண்டுபிடிச்ச பி.கே.எம்-1 செடிமுருங்கை வந்த பிறகு ஆறே மாசத்துல காய்க்கிற முருங்கை ஏக்கர் ஏக்கரா ஆச்சு, வீட்டு முருங்கைக்கு மவுசு கொறைஞ்சுது. பாக்கெட் விதை வந்துச்சு, அதுல ஒட்டு வீரியரகமா இருந்தா விதை எடுத்துத் திரும்பப் போட்டா தாய் மாதிரி வராது. முந்தானை விதை அங்கே அறுந்துச்சு.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாம விட்டா இந்தச் சரித்திரம் பாதிப் பொய். பொடக்காலி எல்லாருக்கும் இருந்ததில்லை. ஊருக்குள்ள நெலமுள்ள குடிங்களுக்குத்தான் இருந்துச்சு. ஊருக்கு வெளியே குடிசை போட்டிருந்த பண்ணையாளுங்களுக்குப் பின்னாடி எடமும் கெடையாது, அடுத்தவன் நிலம். கிணத்துல எறங்க விடாதப்போ சலதாரைக்கு எங்கே தண்ணி வரும்? சர்க்கார் வீட்டுமனை கொடுத்தப்பவும் மூணு சென்ட். வீடு கட்டினது போக முன்னாடி ஒரு முருங்கைக்குத்தான் எடம். அவங்களுக்குப் பொடக்காலி எங்க காடுதான். களை வெட்ட வந்த பொம்பளைங்க சோளக்காட்டுல பண்ணைக்கீரை, தொய்யல்கீரை, சாரணைன்னு பறிச்சு மடியில கட்டிக்கிட்டுப் போவாங்க. யாரும் கேக்க மாட்டாங்க, கீரைக்குச் சொந்தக்காரன் கெடையாது. அன்னைக்குச் சாயங்காலக் கொழம்பு அதுதான். சிறுபாணாற்றுப்படைக்காரி கிள்ளின கீரை கடைசியா உயிரோட இருந்தது இவங்க மடியிலதான்னு சொல்லுவேன்.

அதுவும் போயிருச்சுங்க. ஆள் கெடைக்கலை, கூலி கட்டலைன்னு நாங்க களைக்கொல்லி அடிக்க ஆரம்பிச்சோம். மருந்துக்குக் களை எது, கீரை எதுன்னு தெரியாது. களை வெட்டுற வேலையும் போச்சு, வேலைக்கு வந்தவங்க மடியில போன கீரையும் போச்சு. மருந்தடிக்காத துண்டுல இன்னும் பண்ணைக்கீரை செவப்புக் கதிர் விட்டு நிக்குது. பறிக்க வர்ற ஆளுதான் கொறைஞ்சுட்டாங்க. நூறு நாள் வேலைக்குப் போற வயசான பொம்பளைங்களுக்கு அதுல எது பிஞ்சு, எதைக் கிள்ளணும்னு தெரியும். அவங்க பேத்திங்க டவுன் மில்லுக்குப் போறாங்க. அதுங்களுக்கு எல்லாமே பச்சைதான்.

2013 வாக்குல தோட்டக்கலைத் துறை மெட்ராஸ்லயும் கோயமுத்தூர்லயும் மாடித் தோட்டத்துக்குன்னு மானியத்துல பையும் தென்னை நார்க் கழிவும் விதையும் கொடுக்க ஆரம்பிச்சாங்க. சொந்த மாடி உள்ளவங்களுக்கு அது சரி. வாடகை வீட்டுல, வீட்டுக்காரர் மாடிச் சாவி கொடுக்காதவங்களுக்கு என்ன வழின்னு அப்பவும் யாரும் சொல்லலை. எடமும் தண்ணியும் உள்ளவனுக்குத்தான் தோட்டங்கிறது சோழன் காலத்துல இருந்து மாறலை.

எங்க ஊர்க் காலனியில இப்போ சில வீட்டுல பெயிண்ட் டப்பாவுலயும் ஓட்டை விழுந்த குடத்துலயும் மிளகாய் வெச்சிருக்காங்க. தொகுப்பு வீட்டு மொட்டை மாடி மேல அரசாணிக் கொடியை ஏத்தி விட்டிருக்காங்க, கான்கிரீட் சூடு வீட்டுக்குள்ள கொஞ்சம் கொறையுதாம். விதை எதுன்னு கேட்டேன், சந்தையில வாங்கின காயில எடுத்ததுன்னு சொன்னாங்க. எங்க வீட்டு அவரையில ஒரு கைப்பிடி கொடுத்தேன், ஆடியில ஊனச் சொல்லி. பதிலுக்கு ஒரு சொம்பு நிறைய சாரணைக்கீரை வந்துச்சு. எங்கே பறிச்சதுன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க, சொன்னா அங்கேயும் மருந்தடிச்சுருவீங்கன்னு சிரிக்கிறாங்க.